கடலில்லாத ஊரில் நின்ற சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். அவளை நான் உயிரோடு பார்த்ததில்லை. நான் திருவாதவூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு மதுரைக்கு வந்தபோது, அவள் காய்ச்சலில் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் தெருவில் இறங்கிச் சண்டை பிடிக்கலாம். ஒரு நாள் அவள் குழம்பு தீயும், ஒரு நாள் அவளுக்கு முடி கொட்டும், ஒரு நாள் அவளும் புருஷனிடம் திட்டு வாங்குவாள். இவளுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. இவள் வைத்த குழம்பு ஒருநாளும் தீய்ந்ததே இல்லை.

என் வீட்டுக்காரர் சுதை வேலை செய்கிறவர். கோபுரத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துச் சாமி உருவங்கள் செய்வது, மழையில் உடைந்த கையையும் காலையும் ஒட்டவைப்பது, இதுதான் பிழைப்பு. சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் வீடு. அடுத்த வீட்டில் அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார். அவள் என்னை 'சின்ன மதினி' என்று கூப்பிடுவாள். வெறும் 'மதினி' என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. வீட்டில் இருக்கிற ஒரே மதினி நான்தான். ஆனாலும் செத்தவள் பெரியவளாகவே இருந்தாள்.

"பெரிய மதினி மீன் கழுவுனா ஒரு செதில் இருக்காது" என்பாள். "பெரிய மதினி கோலம் போட்டா தெருவே நின்னு பாக்கும்" என்பாள். நான் பாத்திரத்தை ஓங்கி வைப்பேன். அந்தப் பாத்திரத்திலும் அவள் பெயர்தான் வெட்டியிருக்கும். அவளுடைய அண்டா, அவளுடைய செம்பு, அவளுடைய குத்துவிளக்கு. புளி போட்டு அந்தப் பெயரை அத்தனை தேய் தேய்த்திருக்கிறேன், அழிந்தபாடில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் என்னுடையதாக இருந்தது. அவள் பெற்றுப்போட்டுவிட்டுப் போன பெண் குழந்தை. நான் வந்த அன்றைக்கே என் சேலை முந்தானையைப் பிடித்தது, விடவில்லை. அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் என்னை 'அம்மா' என்றது. எனக்கென்று வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அதனால் அந்த ஒரு சொல்லை நான் எப்படிக் காத்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். தன்னைப் பெற்றவள் வேறொருத்தி என்பது பிள்ளைக்குத் தெரியும். சந்தில் இருந்துகொண்டு அது தெரியாமல் வளர முடியாது. ஆனால் அவள் எப்படி இருப்பாள் என்று பிள்ளை கேட்டதில்லை. வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. முகம் இல்லாதவள் என் பிள்ளையை என்னிடமிருந்து என்ன செய்துவிட முடியும் என்று தைரியமாக இருந்தேன்.

இரண்டாம் உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, கடற்கரைப் பக்கத்தோடு வியாபாரம் வைத்திருந்த முதலாளிமார் சிலர் சேர்ந்து, ஊருக்குள் இருந்த ஒரு சின்னப் பூங்காவில் சிலை வைப்பது என்று முடிவு செய்தார்கள். சங்கு, முத்து, கருவாடு என்று கடல் தந்ததை விற்றுப் பணக்காரர் ஆனவர்கள். அதில் பெரியவராக இருந்த சங்கு வியாபாரிக்கு ஒரு கோபம் உண்டு. "மீனக் கொடியில போட்டு ஆண்ட ஊருய்யா இது. கொற்கை வரைக்கும் கப்பல் விட்ட ஊரு. இன்னைக்கு கேட்டா, கடலுக்கும் மருதைக்கும் என்னடா சம்பந்தம்ங்கிறானுக" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் தோணி ஒன்று, வலை இழுக்கிற மீனவன் ஒருவன், இடுப்பில் கூடையோடு கடலைப் பார்த்து நிற்கிற மீனவப் பெண் ஒருத்தி என்று தீர்மானம் ஆனது. அந்தக் கூட்டத்தில் ஒரு பாய் இருந்தார். ஜவுளிக்கடைக்காரர், அவருடைய தாத்தா காலத்தில் தோணி வைத்து இலங்கைக்குப் போய்வந்த குடும்பம். "மனுச உருவத்துக்கு நான் தரக்கூடாது, ஹராம். தோணிக்கு எம்புட்டு ஆனாலும் நான் தாரேன்" என்று சொல்லிவிட்டார். அப்படியே தோணி அவர் செலவு, ஆள் இரண்டும் மற்றவர்கள் செலவு என்று ஆனது.

வேலை என் வீட்டுக்காரருக்கு வந்தது. வைகையில் தண்ணீர் வந்தாலே கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கிற ஊர் எங்களுடையது. கடலுக்குச் சிலை வைக்கப்போகிறார்கள் என்றதும் சந்தெல்லாம் ஒரே கேலி. அவர் கேலியைக் காதில் வாங்கவில்லை. தோணி எப்படி இருக்கும், வலையை எப்படிப் பிடிப்பார்கள் என்று பார்க்கக் கடற்கரைக்குப் போனார். கறுத்துத் திரும்பி வந்தார். பிள்ளைக்குச் சோழிகளும் ஒரு வெண்சங்கும் கொண்டுவந்தார். எனக்கு ஒரு கட்டுக் கருவாடு. அதையும் நாத்தனார் பாதி எடுத்துக்கொண்டாள்.

பூங்காவில் கீற்றுக் கொட்டகை போட்டு வேலை நடந்தது. செங்கல்லில் எலும்பு எழும்பியது. மேலே சுண்ணாம்பு ஏறி உடம்பு வந்தது. தினமும் மத்தியானம் நான்தான் சோறு கொண்டுபோவேன். ஆண் உருவத்துக்குக் கை கால் எல்லாம் வந்துவிட்டது, பெண் உருவத்துக்குக் கூடையும் சேலையும் வந்துவிட்டது, இரண்டுக்கும் முகம் மட்டும் இல்லை. முட்டை மாதிரி வழவழவென்று இரண்டு தலைகள்.

"மூஞ்சி எப்ப?" என்று கேட்டேன்.

"சாமி மூஞ்சின்னா அளவு இருக்கு. கண்ணு இம்புட்டு, மூக்கு இம்புட்டுன்னு கணக்குப் போட்டு வச்சுட்டுப் போயிருவேன். இது மனுச மூஞ்சி. எவன் மூஞ்சியையாவது நெனச்சாத்தான் வரும்."

நான் சிரித்துக்கொண்டு, "என் மூஞ்சிய வைங்களேன்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் நிஜமாகவே ஆசை வந்துவிட்டது. ஊரே பார்க்கிற இடத்தில் நான் நிற்பேன், என் நாத்தனார் தினமும் என்னைத் தாண்டித்தான் கடைக்குப் போகவேண்டும்.

அவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். "வாயக் கழுவு. உசுரோட இருக்கிறவங்கள செலையில வைக்கக் கூடாதுன்னு தெரியாது? வச்சா உசுரு அதுக்குப் போயிரும்."

அது எங்கள் தொழில்காரர் நம்பிக்கை. உருவத்துக்கு முகம் கொடுத்தால், அந்த முகத்துக்குச் சொந்தக்காரனின் ஆயுசை உருவம் உறிஞ்சிக்கொள்ளும் என்பார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தும், அன்றைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை. ஆனால் அவர் என் காதில் கிடந்த தண்டட்டியை மட்டும் கழற்றி வாங்கி, அதைப் பார்த்து அந்தப் பெண்ணின் காதுக்கு அணி செய்தார். கடற்கரைப் பெண்ணுக்கு மதுரைப் பக்கத்துத் தண்டட்டி எப்படி வரும் என்று முதலாளிமார் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம். முகம் இல்லாவிட்டாலும் காதாவது என்னுடையது.

பிறகு ஒரு நாள் சோறு கொண்டுபோனபோது என் நாத்தனாரும் கூட வந்தாள். ஆண் உருவத்துக்கு முகம் வந்திருந்தது, என் மாமனாரின் முகம். செத்து வெகுநாளானவர், நானும் பார்த்திருக்கவில்லை, நாத்தனார்தான் "அய்யா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்துப் பெண் உருவத்தின் பக்கம் திரும்பினாள். கண்விழி மட்டும் இன்னும் தோண்டவில்லை, மற்றதெல்லாம் முடிந்திருந்தது. நாத்தனார் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெரிய மதினி" என்று அழுதாள். "அப்படியே எங்க மதினிதான். அந்த மூக்கு! அந்தச் சிரிக்காத வாயி!"

நான் சோற்றுச் சட்டியோடு நின்றேன். அத்தனை வருஷம் நான் கற்பனையில் சண்டை போட்டவள் எதிரே நிற்கிறாள். அவளைப் பேரழகி என்று நினைத்து வைத்திருந்தேன். இல்லை. மூக்கு கொஞ்சம் நீளம். மேலுதடு சின்னது. கன்னம் ஒட்டியிருந்தது. சந்தையில் பத்துப் பேரோடு நின்றால் பதினோராவது ஆளாகத்தான் கண்ணில் படுவாள். அதைப் பார்த்து நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். நெஞ்சு பற்றி எரிந்தது. அழகியாக இருந்திருந்தால், ஆம்பிளை அழகை மறக்கவில்லை என்று விட்டிருப்பேன். மறந்துபோகக்கூடிய ஒரு முகத்தை, இத்தனை வருஷம், ஒரு போட்டோவும் இல்லாமல், உதட்டோரச் சுழிப்பு வரைக்கும் இந்த மனுஷன் எங்கே வைத்திருந்தார்? என் பக்கத்தில் படுத்திருந்த போதெல்லாம் இது அவருக்குள் இருந்ததா?

நாத்தனாரைக் கையைப் பிடித்துத் தூக்கினேன். "இது பிள்ள காதுக்குப் போச்சுன்னா உன் வாசல மிதிக்க மாட்டேன், பாத்துக்க" என்றேன். என் முகத்தைப் பார்த்து அவள் பயந்துபோய்த் தலையாட்டினாள்.

அன்று மாலை அவர் சாப்பிட உட்கார்ந்தார். நான் குழம்பை ஊற்றவில்லை.

"ஏங்க, உலகத்துல வேற பொம்பள மூஞ்சியே கெடைக்கலையா?"

அவர் புரியாதவர் மாதிரி நடிக்கவில்லை. "செத்தவங்கள்ல எனக்கு நல்லாத் தெரிஞ்ச பொம்பள ரெண்டு பேருதான். எங்க ஆத்தா ஒண்ணு. கெழவி இடுப்புல மீன்கூடய வைக்க முடியுமா?"

"அப்ப நான் செத்தாத்தான் எனக்குச் செலை!"

"என்னடி பேச்சு இது."

"அவளுக்குப் பாத்திரம், அவளுக்கு வீடு, இப்ப பார்க்குல அவளுக்கு எடமும் குடுத்தாச்சு. எனக்கு என்ன இருக்கு, சொல்லுங்க."

"நீ உசுரோட இருக்க" என்றார். அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார் போல. நான் குழம்புச் சட்டியை அவர் முன்னால் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

திறப்பு விழா நெருங்கியது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் புதுப் பிரச்சினையைக் கிளப்பினார். கண் திறக்க வேண்டும் என்றார். சாமி சிலைக்கு விழியைக் கடைசியாகத்தான் செதுக்குவார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. செய்கிறவர்கூட நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில் ஏணி போட்டுச் செய்வார். திறந்ததும் விழுகிற முதல் பார்வைக்கு உக்கிரம் அதிகம், அது ஆள் மேல் விழக்கூடாது என்று கண்ணாடியைத் தூக்கிப் பிடிப்பார்கள். கண்ணாடியில் தன்னையே பார்த்து வேகம் தணிந்த பிறகு, கன்றோடு பசுவையும் கன்னிப்பெண்ணையும் அது பார்க்க வேண்டும். இதெல்லாம் சாமிக்கு. மீன் விற்கிறவளுக்கு எதற்கு என்று சங்கு வியாபாரி தலையில் அடித்துக்கொண்டார்.

"கண்ணுன்னு ஒண்ண வச்சா, அதத் தெறக்கணும்ல மொதலாளி. வேற எப்படிச் செய்யிறதுன்னு எனக்குத் தெரியாது" என்றார் இவர். கோபுரத்திலேயே வாழ்நாளைக் கழித்த ஆளுக்குக் கருவாட்டுக்காரிக்கும் அம்மனுக்கும் வித்தியாசம் செய்யத் தெரியவில்லை. கடைசியில் பசுவுக்குச் சொல்லியாகிவிட்டது. கண்ணாடி பிடிக்கக் கன்னிப்பெண் வேண்டும். நம் பிள்ளையே பிடிக்கட்டும் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் முகத்துக்கு நேரே என் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவதா? பிள்ளை அந்த மூக்கைப் பார்த்துத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? அதுவரை கேட்காத கேள்வியெல்லாம் கேட்கும். அத்தை பதில் சொல்வாள். அதன் பிறகு 'அம்மா' என்று அது கூப்பிடும்போதெல்லாம் யாரைக் கூப்பிடுகிறது என்று நான் யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"முடியாது. பிள்ளைய நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்கய்யாவுக்கு ஒடம்பு சரியில்ல" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். துணியைக்கூட மூட்டை கட்டிவிட்டேன்.

அவர் வற்புறுத்தவில்லை. "அப்ப தங்கச்சி மகள நிறுத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாத்தனாருக்கு என் பிள்ளை வயசில் ஒரு மகள் இருந்தாள். சேதி போன கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்னக் கழுதை பட்டுப்பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றது. "மாமா செலைக்கு நான்தான் கண்ணாடி பிடிக்கப் போறேன்" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியது. என் பிள்ளை கையிலிருந்த சோழிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டது. அந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அப்பன் செய்த சிலைக்கு, ஊரே கூடுகிற இடத்தில், எவளோ பெற்றது முன்னால் நிற்பதா? என் நாத்தனார் அதை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாளே!

மூட்டையைப் பிரித்தேன். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, தலைநிறையப் பூ வைத்து, கழுத்தில் என் சங்கிலியையும் போட்டு அழைத்துப் போனேன். ஒரு பொறாமையை இன்னொரு பொறாமை தின்றுவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

வெயில் ஏறுவதற்கு முன்பே பூங்காவில் நல்ல கூட்டம். முதலாளிமார் நாற்காலியில் இருந்தார்கள். பாய் தள்ளி நின்று தோணியை மட்டும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலையைச் சுற்றி வெள்ளைத் துணித் திரை. பசு ஒரு பக்கம் கன்றை நக்கிக்கொண்டு நின்றது. என் பிள்ளையைச் சிலைக்கு நேரே நிறுத்தி, கையில் பெரிய கண்ணாடியைக் கொடுத்தார்கள். எங்களையெல்லாம் இரண்டு பக்கமும் ஒதுங்கச் சொன்னார்கள். கண்ணாடியைத் தூக்கிப் பிடித்ததும் பிள்ளையின் முகம் முழுக்க அதற்குப் பின்னால் மறைந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. அவள் பிள்ளையைப் பார்க்க முடியாது, பிள்ளையும் அவளைப் பார்க்க முடியாது. கண்ணாடி இறங்கின நொடியில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

திரைக்குள் உளிச் சத்தம் சன்னமாகக் கேட்டது. நின்றது. துணி விலகியது. அவள் கண் திறந்திருந்தாள்.

விழி இல்லாமல் பார்த்தபோது வெறும் முகம். விழி வந்ததும் அது ஆள். என் வீட்டுக்காரர் ஏணியில் சாய்ந்து வேறு எங்கோ பார்த்தார். என் நாத்தனாரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "ஏ புள்ள, அந்தா பாருடி. ஒன்னப் பெத்தவடி. ஒங்க ஆத்தாடி அது" என்று கத்தி அழுதாள்.

கண்ணாடி ஆடியது. அதன் ஓரத்திலிருந்து பிள்ளையின் ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது. மேலே பார்த்தது. அந்த மூக்கை, அந்த வாயை, கூடையை, கடல் இருக்கிற திக்கை நோக்கி நிற்கிற அந்தத் தலையை. வெகு நேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. போய்விட்டது, என் பிள்ளை போய்விட்டது என்று நினைத்தேன்.

பிள்ளை மெல்லத் தலையைத் திருப்பிக் கூட்டத்தில் என்னைத் தேடியது.

"அம்மா, கை வலிக்குது. இதக் கொஞ்சம் பிடியேன்" என்றது.

"இப்ப எறக்கக் கூடாதுடி" என்று யாரோ சத்தம் போட்டார்கள். நான் நின்று கேட்கவில்லை. யாரும் நிற்கக்கூடாத இடத்தில், சிலைக்கு நேர் முன்னால் போய், கண்ணாடியை இரண்டு கையாலும் வாங்கினேன். பிள்ளை விரல்களை உதறிவிட்டு என் இடுப்பில் சாய்ந்துகொண்டது. எனக்கு வந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. பார்த்தாயா, பார்த்தாயா என்று உள்ளே கத்தினேன். அவளிடம் கத்தத்தான் திரும்பி நிமிர்ந்தேன்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தவழ்கிற வயசில் விட்டுவிட்டுப் போன பிள்ளை. அதைப் பார்க்க இத்தனை வருஷம் கழித்து ஒருவர் கண் திறந்துவிட்டிருக்கிறார். அவளுக்கு முன்னால் நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முழுசாக மறைத்து நிற்கிறேன். பிள்ளையின் பூவைத்த தலைகூட அவளுக்குத் தெரிந்திருக்காது.

கண்ணாடியை மண்ணில் சாய்த்து வைத்தேன். பிள்ளையின் தோளைப் பிடித்து நேராக நிறுத்தி, முகவாயைத் தூக்கிவிட்டேன்.

"நிமிந்து பாரு. நல்லாப் பாரு" என்றேன். என் நிழல்கூடப் படாதபடி ஓரமாகத் தள்ளி நின்றுகொண்டேன்.